நேராக ஒரு படம்

திங்கட்கிழமைகளில் அவர் யாரோடும் பேசுவதில்லை. வீம்பு ஒன்றும் இல்லை, உடம்பில் தெம்பு இருக்காது. ஞாயிறு முழுக்க இரண்டு கேமராக்களைத் தோளில் மாட்டிக்கொண்டு பதின்மூன்று மணி நேரம் நின்றும் நடந்தும் குனிந்தும் கழித்தவருக்கு, மறுநாள் வலது தோள் ஒரு பக்கம் முறையிடும், இடுப்பு ஒரு பக்கம் முறையிடும். வெந்நீர்ப் பையை மாற்றி மாற்றி வைத்தபடி சோபாவில் கிடப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வருவார். போன் அடித்தால் மனைவி எடுப்பாள்.

அந்தத் திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அடித்ததையும் அவள்தான் எடுத்தாள். கேட்டுக்கொண்டே வந்தவள் "ஐயோ" என்றாள். பிறகு, "எப்பம்மா?" என்றாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"லிஃப்ட்காரர் போயிட்டாராம். நம்ம லிஃப்ட் கல்யாணம் இருக்கில்ல, அந்தப் பொண்ணுதான். உங்ககிட்ட பேசணுமாம்."

அந்த வீட்டில் கல்யாணங்களுக்கு இப்படித்தான் பெயர். மழைக் கல்யாணம், கரண்ட் போன கல்யாணம், மாப்பிள்ளை அழுத கல்யாணம். லிஃப்ட் கல்யாணம் நடந்து இரண்டு மாதம் ஆகிறது. அன்றைக்கு மண்டபத்து லிஃப்ட் ஆறு விருந்தாளிகளோடு நடுவழியில் நின்றுவிட்டது. ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டிருந்தபோது மணப்பெண்ணின் அப்பா கோட்டைக் கழற்றி யார் கையிலோ திணித்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பத்து நிமிஷத்தில் கதவைத் திறந்துவிட்டார். லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் அவர் தொழில், முப்பத்தோரு வருஷமாக.

போனில் மகளின் குரல் அழுது ஓய்ந்த குரலாக இருந்தது.

"அண்ணா, நேத்து காலையில. தூக்கத்துலயே. நாளைக்குக் காலையில அஞ்சலிக்கு எல்லாரும் வருவாங்க. முன்னாடி வைக்க ஒரு படம் வேணும். நேரா பார்க்கிற மாதிரி. ஆல்பம் பூரா பார்த்துட்டேன், அதுல இல்ல. எங்களுக்குக் கொடுக்காத படம் உங்ககிட்ட நிறைய இருக்குமில்ல?"

"இருக்கும்மா. பார்க்கிறேன்."

"பல்லு தெரியற மாதிரி இருந்தா நல்லா இருக்கும்." கொஞ்சம் தயங்கினாள். "கல்யாணத்துக்குன்னுதான் பல் செட் கட்டினாரு. அதுக்கு முன்னாடி எந்தப் படத்துலயும் வாயைக் கையால மூடிட்டுதான் இருப்பாரு. கட்டினப்புறம் ஒரு வாரம் போட்டிருப்பாரு, அவ்வளவுதான். ஈறு வலிக்குதுன்னு கழட்டி டப்பாவுல வச்சிட்டாரு. ஆக, பல்லோட அப்பாவைப் படம் எடுத்ததுன்னா அன்னைக்கு மட்டும்தான். அன்னைக்கு யாரும் போன்ல எடுக்கல. நீங்கதான் அந்த போர்டு..."

 

அந்த போர்டு அவருடையது. அவர் எடுக்கும் கல்யாணங்களில் வாசலிலேயே வைத்துவிடுவார். "இன்று கண்ணால் பாருங்கள். படம் எடுப்பது எங்கள் வேலை. கைபேசிகள் பைக்குள் இருக்கட்டும்." ஒப்புக்கொண்டால்தான் தேதி கொடுப்பார். கைபேசியைத் தூக்கிப் பிடித்த கூட்டத்துக்கு நடுவில் அவரால் வேலை செய்ய முடியாது. ஏனென்றால் அவருடைய வேலையே யாருக்கும் தெரியாமல் எடுப்பது.

தொழிலில் எல்லோரும் அவரைப் பூனை என்பார்கள். ரப்பர் அடிப்பாகம் வைத்த செருப்பு, சாம்பல் நிறச் சட்டை, சத்தமில்லாத கேமரா. "இங்க பாருங்க" என்று இருபது வருஷத்தில் ஒருவரிடமும் அவர் சொன்னது கிடையாது. யாராவது தற்செயலாகக் கேமராவைப் பார்த்துவிட்டால் கேமராவை இறக்கிவிடுவார். அதற்குள் விழுந்த படத்தை, வாரக் கடைசியில் தன் கையாலேயே அழித்துவிடுவார். "கேமராவைப் பார்த்த முகம் பொய் சொல்லும்" என்று எந்தக் காலத்திலோ ஒரு பேட்டியில் சொன்னார். அது இப்போது அவருடைய இணையப் பக்கத்தின் நெற்றியில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் ஆட்கள் வருகிறார்கள். அவருக்கே அந்த வாக்கியம் காதில் விழும்போதெல்லாம் யாரோ சொன்னது மாதிரி இருக்கும்.

ஆரம்பத்தில் அது பிடிவாதம். நடுவில் கொஞ்ச காலம் சந்தோஷம். இப்போது சீருடை. மகளை அனுப்பிவைக்கும் நேரத்தில் அப்பாவின் விரல் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போகும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். அம்மா அழமாட்டாள், அத்தைதான் முதலில் அழுவாள் என்று தெரியும். தெரிந்த இடத்தில் போய்த் தெரிந்த கணத்துக்காகக் காத்து நிற்பார். அது வரும். எடுப்பார். பார்க்கிறவர்கள் "எப்படி சார் பிடிச்சீங்க?" என்பார்கள்.

போனை வைத்துவிட்டு அவர் எழுந்திருக்கவில்லை. மனைவி பக்கத்து அறையில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டாள். படங்களை வடிகட்டுவது, நிறம் சரி பண்ணுவது, அச்சடிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அவர் எடுப்பதோடு சரி.

"பூனையாரே, வந்து உட்காருங்க. நாலாயிரத்து சொச்சம் இருக்கு. ரெண்டு ஜோடிக் கண் வேணும்."

வெந்நீர்ப் பையோடு வந்து உட்கார்ந்தார். லிஃப்ட்காரர் இருக்கிற படங்களை மட்டும் அவள் பிரித்து எடுத்தாள். நூற்று அறுபத்து மூன்று. ஒவ்வொன்றாகத் தள்ளினாள். முதுகு. காது. மகளின் தலைக்குப் பின்னால் பாதி நெற்றி. நாற்காலி தூக்கிப் போகும் கைகள். மறுபடியும் முதுகு. தண்ணீர் குடிக்கும்போது டம்ளர் மறைத்த வாய். லிஃப்ட் பெட்டியைத் திறந்து வைத்துக் குனிந்து நிற்கிற அந்தப் புகழ்பெற்ற படம். வெள்ளைச் சட்டை முதுகில் வியர்வை ஒட்டியிருக்க, பின்னால் மகள் கல்யாணத்துக்கு அலங்கரித்த முடியோடு அவருக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் அவர் எடுத்ததிலேயே அதுதான் அதிகம் பேசப்பட்டது. பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு அந்த அறைச் சுவரிலேயே மாட்டியிருந்தார்கள், வருகிற ஆட்களுக்குக் காட்ட.

"என்னங்க, இந்த மனுஷனுக்கு முகமே கிடையாதா?"

அவள் இன்னும் இரண்டு படங்களைத் தள்ளினாள்.

"ஒருத்தர் ஒரு நாள் பூரா உங்க முன்னாடி சுத்தியிருக்காரு. ஒரு தடவைகூடவா திரும்பல?"

"திரும்பினாரு."

அவள் கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள்.

"மூணு நாலு தடவை என்னையே பார்த்தாரு. பார்த்துச் சிரிக்கவும் சிரிச்சாரு. தெரிஞ்சவரைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. நான் கேமராவை இறக்கிட்டேன். விழுந்ததை அந்த வாரமே அழிச்சிட்டேன்."

"சரி, அது எப்பவும் பண்றதுதானே."

"அது மட்டும் இல்ல. காலையில என்கிட்ட வந்து கேட்டாரு."

அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. காலை ஏழு மணி இருக்கும். மண்டபத்தில் நாற்காலிகளைக்கூட இன்னும் பிரித்துப் போடவில்லை. அவர் ஜன்னல் ஓரம் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் கோட்டின் பித்தான்களைப் போட்டுக்கொண்டே வந்து, ஏதோ கடன் கேட்கிற மாதிரிச் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "தம்பி, பல்லு கட்டியிருக்கேன். கூட்டம் வர்றதுக்குள்ள என்னை மட்டும் ஒண்ணு நேரா எடுத்துடுங்களேன். பாஸ்போர்ட்டுக்கு எடுப்பாங்கல்ல, அது மாதிரி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வழக்கமா சொல்றதுதான். 'நம்ம முறை அப்படி இல்ல சார், நீங்க பாட்டுக்கு இருங்க, நான் எடுத்துட்டுதான் இருப்பேன்'னேன்."

"ம்."

"'சரி தம்பி, உங்க தொழில் உங்களுக்குத்தான் தெரியும்'னு போயிட்டாரு."

மனைவி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஒரு நிமிஷ வேலை" என்றாள்.

"ஆமா."

"எங்க அக்கா பையன் கல்யாணத்துலயும் இதே கூத்துதான். எங்க அம்மாவோட முதுகை இருபத்தஞ்சு படம் எடுத்து வச்சிருக்கீங்க. 'மாப்பிள்ளைக்கு என் முதுகு மேல என்னடி அவ்வளவு பாசம்'னு அம்மா இன்னும் கேட்கறாங்க."

வேறு நாளாக இருந்தால் அவர் சிரித்திருப்பார். அவளும் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். மணி இரண்டேகால். வந்தவள் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே கேட்டாள்.

"அன்னைக்குக் காலையில லைட் பார்க்க யாரை நிறுத்தினீங்க?"

"எதுக்கு?"

"அட்டைப் படம்!"

அது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த வேலை. வேலை தொடங்கும் முன்னால், பொண்ணும் மாப்பிள்ளையும் நிற்கப்போகிற இடத்தில் கையில் அகப்பட்ட யாரையாவது நிறுத்தி, ஒரு சாம்பல் நிற அட்டையைப் பிடிக்கச் சொல்லி ஒரு படம் எடுப்பார். அந்த இடத்து வெளிச்சம் மஞ்சளா நீலமா என்பதை அட்டை சொல்லிவிடும். அதை வைத்துத்தான் மற்ற எல்லாப் படங்களின் நிறத்தையும் அவள் சரி பண்ணுவாள். அவருக்கு அது படமே கிடையாது, அளவுகோல். அழிக்கிறபோது அதை அவர் திறந்தும் பார்ப்பதில்லை, நேராக அவளுடைய தனிப் பெட்டிக்குப் போய்விடும்.

அவள் அந்தப் பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒன்றாக நூற்றுக்கணக்கான அட்டைகள். பிடித்துக்கொண்டு நிற்கிற சமையல்காரர்கள், டிரைவர்கள், பூ கட்டுகிறவர்கள், பெருக்க வந்தவர்கள். எல்லோரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவ்வளவு பேரா?" என்றார் அவர்.

"எனக்கும் இன்னைக்குத்தான் தெரியுது. நான் அட்டையை மட்டும்தானே பார்ப்பேன்."

தேதியைப் பிடித்துப் போய்த் திறந்தாள்.

லிஃப்ட்காரர் நின்றிருந்தார். கோட்டின் பித்தான்கள் எல்லாம் போட்டிருந்தன. அட்டையை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார். முடியை ஈரத்தோடு வாரியிருந்தார். ஜன்னல் பக்கத்துக் கன்னம் கொஞ்சம் நீலம், விளக்குப் பக்கத்துக் கன்னம் கொஞ்சம் மஞ்சள். லென்ஸை நேராகப் பார்த்து, மேல்வரிசைப் பல் கடைசிவரை தெரிய, அப்படி ஒரு சிரிப்பு.



"லைட் பார்க்கிறதுக்கு யாராவது இப்படிச் சிரிப்பாங்களா?" என்றாள் மனைவி.

அவருக்கு அந்தக் கணம் நினைவே இல்லை. "சார், ஒரு செகண்ட் இப்படி வந்து நில்லுங்க, இதைப் பிடிங்க" என்று சொல்லியிருப்பார். எல்லோரிடமும் சொல்வது. கண் முழுக்க வெளிச்சம் காட்டும் மீட்டர் மேல் இருந்திருக்கும்.

அட்டையை வெட்டிவிடலாமா என்று பார்த்தாள். வெட்டினால் தாடையோடு படம் முடிந்து மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. கையை மட்டும் விட்டுவைத்து வெட்டிப் பார்த்தாள், அது அதைவிட மோசம். "இருக்கட்டும். அட்டையோடயே போகட்டும்" என்றார் அவர். இரண்டு கன்னத்தின் நிறத்தையும் சரி பண்ண அவளுக்கு ஒரு மணி நேரம் ஆனது. அச்சடித்துக் காயவைத்தார்கள். சட்டம் வாங்கக் கடைக்குப் போனால் நேரமாகிவிடும். அவள் சுவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. அவரே நாற்காலி மேல் ஏறி, தோள் வலியோடு சட்டத்தை இறக்கி, பின்பக்க ஆணிகளை நெம்பி, முதுகை எடுத்துவிட்டு முகத்தை வைத்தார்.

ஐந்து மணிக்கு முன்பே போய்விட்டார்கள். பழக்க தோஷத்தில் கேமராப் பை வண்டியின் பின்சீட்டில் இருந்தது. லிஃப்ட்காரர் வீடு ஓர் ஐந்து மாடிக் குடியிருப்பில். கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பொதுவான நீளக் கூடம், அதையொட்டி லிஃப்ட். கூடத்தில் சொந்தக்காரர்கள் முப்பது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். லிஃப்ட் சத்தமே இல்லாமல் வந்து நின்று, சத்தமே இல்லாமல் திறந்து, மேல்மாடி ஆட்களை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

மகள் சட்டத்தை வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கணவன் குனிந்து தோளைப் பிடித்துக்கொண்டான்.

"கையில என்ன அது?"

"அட்டைம்மா. வெளிச்சம் பார்க்க. அதை எடுக்க முடியல, மன்னிச்சிடு."

"ஏதோ பரிசு வாங்கின மாதிரி நிக்கிறாரு" என்றாள். அழுதாள், நடுவில் சிரிப்பும் வந்தது. "பல்லைப் பாருங்க, அத்தை. மொத்தமும் தெரியுது."

அத்தை என்று கூப்பிடப்பட்டவள், இறந்தவரின் அக்கா, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். "இவன் எங்கடி இப்படிச் சிரிச்சான்? எங்ககிட்ட எல்லாம் மூஞ்சியை உர்ர்னு வச்சிருப்பானே" என்றாள். படம் கை மாறிக் கை மாறிக் கூடத்தின் மறுகோடிக்குப் போனது. அங்கே ஜன்னல் ஓரம் லிஃப்ட்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் நிறைய நேரம் பார்க்கவில்லை. பார்த்ததும் தலையாட்டினாள், எதிர்பார்த்திருந்த கடிதம் வந்து சேர்ந்த மாதிரி.

"தம்பியை இங்க வரச் சொல்லு."

அவர் போய் நின்றார்.

"அவர் சொன்னாரு" என்றாள். "அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்ததும் முதல்ல இதைத்தான் சொன்னாரு. 'போட்டோக்காரத் தம்பிகிட்ட கேட்டேன், அது எங்க முறை இல்லன்னுட்டாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா பத்து நிமிஷம் கழிச்சு அவரே கூப்பிட்டு, நல்ல வெளிச்சத்துல நிறுத்தி, கையில ஒண்ணைக் கொடுத்து எடுத்தாரு. நல்ல மனுஷன்'னு. ஆல்பம் வந்தப்ப தேடினாரு. இல்ல. கேளுங்கன்னேன். 'சேச்சே, அது தனியா கொடுப்பாரு. மத்தவங்களுக்குத் தெரிஞ்சா எல்லாரும் கேட்பாங்கல்ல'ன்னாரு."

மூன்று நான்கு தடவை தன்னைப் பார்த்துச் சிரித்த முகம் அவருக்கு இப்போது புரிந்தது. ஒரு ரகசியத்தில் பங்காளிகளாக இருக்கிற இருவரில் ஒருவர் மற்றவரைப் பார்ப்பது அது. அவர் கேமராவை இறக்கிக்கொண்டதைக்கூட லிஃப்ட்காரர் ரகசியத்தைக் காப்பாற்றுவதாகவே எடுத்துக்கொண்டிருப்பார்.

சும்மா இருந்துவிடலாம். தலையாட்டிவிட்டு வந்துவிட்டால் அந்த அம்மாவுக்கு ஒன்றும் குறையாது. பக்கத்தில் நின்ற மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் காலி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 

"அம்மா, அது அவருக்காக எடுத்தது இல்ல. வெளிச்சம் சரியா இருக்கான்னு பார்க்கிறதுக்கு யாரையாவது நிறுத்தி எடுப்போம். அவர் பக்கத்துல இருந்தாரு, கூப்பிட்டேன். அவ்வளவுதான். அவர் கேட்டதை நான் செய்யல. மறந்தே போயிட்டேன். இன்னைக்குத்தான் இது இருக்கிறதே தெரிஞ்சது."

அவள் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த யாருடைய கைரேகையையோ முந்தானையால் துடைத்தாள்.

"எதுக்கோ எடுத்தீங்க" என்றாள். "அவர் அவருக்குன்னுதான் சிரிச்சாரு. அதை இனிமே நம்ம மாத்த முடியாது, விடுங்க."

பிறகு, "பை கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"வண்டியில இருக்கும்மா."

"என்னையும் நேரா ஒண்ணு எடுத்துடுங்க. இப்பவே. நாளைக்கு இந்தப் பொண்ணு எனக்காக யாருக்கும் போன் போட்டுத் தேடக் கூடாது."

"அம்மா, என்ன பேச்சு இது!" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. தேடினது நீதானே."

அவருக்கு மறுக்கத் தோன்றவில்லை, மறுக்கத் தெம்பும் இல்லை. மனைவி போய்ப் பையை எடுத்து வந்தாள். கூடம் முழுக்க நோட்டீஸ்களும் மீட்டர் பெட்டிகளுமாக இருந்தன, வெறும் சுவர் ஒன்றுகூடக் கிடையாது. லிஃப்டின் கதவு மட்டும்தான் பளிச்சென்று வெறுமையாக இருந்தது. அதன் முன்னால் அந்த அம்மாவை நிறுத்தினார்கள். மனைவி கேட்காமலேயே சாம்பல் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மா அதைக் கணவர் பிடித்த மாதிரியே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டவள் எங்கேயோ தரையைப் பார்த்தாள்.

சொல்லாமல் முடியாது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இங்க பாருங்கம்மா."

எடுத்தார். இரண்டாவதை எடுக்கும்போது கதவு திறந்து நான்காம் மாடிக்காரர் குப்பைக் கூடையோடு வெளியே வந்தார். "அண்ணே, கொஞ்சம் படியில போங்களேன், இங்க ஒரு வேலை நடக்குது" என்று யாரோ அவரை அதட்டினார்கள். மூன்றாவது சரியாக வந்தது.

அந்த அம்மா நகர்ந்ததும் அத்தை வந்து அதே இடத்தில் நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவளுக்குப் பின்னால் அவள் கணவர். அதற்குப் பின்னால் கூடத்திலிருந்து இன்னும் ஐந்தாறு பேர் நாற்காலியை விட்டு எழுந்து, முடியை ஒதுக்கிக்கொண்டும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டும் வந்து நின்றார்கள். அவர் வரிசையைப் பார்த்தார். தோள் விண்விண் என்றது. கேமராவை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

அத்தை அட்டையை வாங்கி நெஞ்சில் வைத்து, நிமிர்ந்து, அவரைக் கேட்டாள்:

"தம்பி, பல்லு தெரியணுமா, வேணாமா?"